ஸ்டால் வாடகையும் அத்தையின் ஒயர் கூடையும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்ல ஒயர் ஜாஸ்தி. ஆணிக் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இன்னைக்கு ஒயர் கதை. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், சொல்லிட்டேன்.

போன வாரம் எங்க ஏரியா தமிழ்க் குடும்பங்களோட வாட்ஸப் குழுவுல ஒரு தோழி கேட்டாங்க. "எங்க அம்மா டெரகோட்டா நகை செய்றாங்க. தீபாவளிக்கு எந்த எக்ஸிபிஷன்ல ஸ்டால் போடலாம்? எங்க கூட்டம் அதிகம்?" அஞ்சு நிமிஷத்துல பதினோரு பதில். ஹால் பேரு, ஆர்கனைசர் நம்பர், "அங்க செம கூட்டம்ப்பா", "சீக்கிரம் புக் பண்ணுங்க, கார்னர் ஸ்டால் போயிடும்". பதினோரு பேர்ல ஒருத்தர் கூட, அந்த அம்மாவால ஒரு வாரத்துல எத்தனை ஜோடி கம்மல் செய்ய முடியும்னு கேக்கலை. அங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு.

அந்தக் குழுவுல டைப் பண்ண ஆரம்பிச்சு, நீளமாப் போய், ரங்கமணி "இதைப் போய் உன் பதிவுல எழுது, ஜனங்க பாவம்"னு சொன்னதால இங்க வந்திருக்கேன் :-)

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். கையால செய்ற பொருளை விக்கப் போறவங்க, "எங்க கூட்டம் அதிகம்"னு சந்தை தேடக்கூடாது. உங்ககிட்ட "இதை யார் செஞ்சது?"ன்னு கேக்கற சந்தையைத் தேடணும். "பணம் எப்போ போடுவீங்க?"ன்னு மட்டும் கேக்கறவன் நடத்துறது சந்தையே இல்லை. அங்க நீங்க வியாபாரி கிடையாது, வாடிக்கையாளர். உங்களுக்குத்தான் அவன் மேஜையும் நாலடி இடமும் விக்கிறான்.

எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? 8,500 ரூபாய் ஃபீஸ் கட்டிப் படிச்சேன். கொசுவத்தியைச் சுத்திக்கலாமா?

எங்க அத்தை (ரங்கமணியோட அம்மா) அம்பாசமுத்திரம் பக்கம். 2021ல மாமா தவறினதுக்கு அப்புறம் இங்க புனேவுக்கு, வாக்கட்ல எங்க ஏழாவது மாடி வீட்டுக்கு வந்தாங்க. ஊர்ல வாசப்படியில உக்காந்தா தெருவே பேச வரும். இங்க பால்கனியில உக்காந்தா எதிர் டவரோட துணி காயறது தெரியும். மராத்தியும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் ஹிஞ்சவடி டிராஃபிக்ல போய் டிராஃபிக்ல வர்றவங்க. பேரன் ஹெட்போன் மாட்டின பேரன். ஆறு மாசம் அத்தை டிவியைப் பார்த்துட்டு இருந்தாங்கன்னு சொல்றதை விட, டிவி அத்தையைப் பார்த்துட்டு இருந்துச்சுன்னு சொல்லலாம்.

ஒரு நாள் மெதுவாக் கேட்டாங்க, "ஏ தாயி, இங்க கூடை ஒயரு கெடைக்குமா?"

இங்க எங்க தேடறதுன்னு தெரியலை. ஊர்ல இருந்து நாத்தனார் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல வந்த ஒரு சொந்தக்காரர்கிட்ட ஒரு மூட்டை ஒயர் ரோல் கொடுத்து அனுப்பினாங்க. பச்சை, மஞ்சள், மாம்பழக் கலர், ஒரு ராமர் நீலம். அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஹால்ல லைட் எரியுது. அத்தை தரையில கால் நீட்டி உக்காந்து அடி போட்டுட்டு இருக்காங்க. கை தானாப் போகுது. சிவன் கண் கூடை, நெல்லிக்காய் முடிச்சுக் கூடை, பிஸ்கட் கூடை... எனக்குப் பேரு மட்டும்தான் தெரியும், அவங்களுக்கு விரலுக்கே தெரியும்.

ஒரு நடுத்தர சைஸ் சிவன் கண் கூடைக்கு அவங்களுக்குப் பத்து மணி நேரம் ஆகும். வாரத்துக்கு நாலு கூடை. அதுக்கு மேல போட்டா ராத்திரி விரல் மடக்க முடியாது. இந்த நாலு என்கிற எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க. இந்தக் கதையில முக்கியமான எண் அதுதான், நான் கடைசியாக் கவனிச்சதும் அதைத்தான்.

2023 தீபாவளிக்கு முன்னாடி, வீடு முழுக்கக் கூடை. என் மேனேஜர் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது. "அத்தை, ஸ்டால் போடலாம்!" கர்வே ரோடு பக்கம் ஒரு ஹால்ல மூணு நாள் எக்ஸிபிஷன். ஆர்கனைசருக்குப் போன் பண்ணினேன். என்ன பொருள்னு கேட்டார். "ஹேண்ட்மேட் பேஸ்கெட்"னு சொன்னேன். "குட் குட். மூணு நாளைக்கு 12,000. இன்னைக்கே போட்டா ஸ்டால் கன்ஃபர்ம்." பேச்சு மொத்தம் ரெண்டு நிமிஷம். கூடை ஃபோட்டோ கூடக் கேக்கலை. நான் அதை 'ரொம்ப ப்ரொஃபஷனல்'னு நினைச்சேன் பாருங்க, அது என் புத்தி.

போனா, எங்க வலது பக்க ஸ்டால்ல மெஷின்ல வார்த்த பிளாஸ்டிக் கூடை, 150 ரூபாய். பின்னின மாதிரியே டிசைன் அச்சு! இடது பக்கம் மொத்த விலைக் கடையில வாங்கின குர்த்தி. எதிர்ல காது குடையற ஏதோ கருவி. ஹால் வாசல்ல 'கைவினைத் திருவிழா'ன்னு பேனர். மூணு நாளும் கூட்டம் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அந்தக் கூட்டம் எங்க ஸ்டால் முன்னாடி நின்னு, 450 ரூபாயைக் கேட்டு, தலையைத் திருப்பி 150 ரூபாய்க் கூடையைப் பார்த்து, அப்புறம் எங்களைத் திருடங்களைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டுப் போச்சு.

கணக்கு கேளுங்க. 46 கூடை கொண்டு போனோம், 19 வித்துது. ஒரு கூடைக்கு ஒயர் செலவு 150 போக 300 நிக்கும். 19 கூடைக்கு 5,700. ஸ்டால் வாடகை 12,000. டெம்போ போக வர 1,400. அப்புறம், "எக்ஸ்ட்ரா லைட்"டுக்கு 800, அது கடைசி நாள்தான் சொன்னாங்க. கூட்டிக் கழிச்சா 8,500 நஷ்டம். இதுல அத்தையோட கூலி பூஜ்யம்னு வச்சுப் போட்ட கணக்கு!

திரும்பி வரும்போது அத்தை வண்டியில ஒண்ணுமே பேசலை. வீட்டுக்கு வந்து மிச்சக் கூடையை அட்டம் மேல ஏத்தச் சொன்னாங்க. "நான் பின்னுனது இவ்வளவு பெறாது போல இருக்கு"ன்னு ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஒயரைத் தொடலை. 8,500 ரூபாய் எனக்கு ஒரு பாடம், போகட்டும். அந்த ரெண்டு மாசத்தை யார்கிட்டப் போய் வசூல் பண்றது?

ஆர்கனைசர் மேல கோபம் வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பார்த்தா அவர் எந்தத் தப்பும் பண்ணலை. அவர் வருமானம் மொத்தமும் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்தாச்சு. நாற்பது ஸ்டால், நாற்பது வாடகை. அதுக்கப்புறம் கூடை வித்தா என்ன, விக்காட்டி என்ன? கையால செஞ்சவங்க மட்டும்தான் வரணும்னு அவர் கண்டிப்பு காட்டினா, நாற்பது ஸ்டால் நிரம்பாது. அதனால வாங்கி விக்கிறவங்களைச் சேர்ப்பார். சேர்த்தா, கையால செஞ்சவங்க விலையில தோப்பாங்க, அடுத்த வருஷம் வரமாட்டாங்க. அந்த இடத்துக்கும் வாங்கி விக்கிறவங்க வருவாங்க. பேனர் மட்டும் 'கைவினை'ன்னு அப்படியே இருக்கும். ஆள் கெட்டவர் இல்லை, கணக்கு அப்படி.

இது கர்வே ரோடு ஹாலுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. வெளிநாட்டுல இருக்கிற நம்ம மக்களுக்கு எட்ஸி தெரியும். 2005ல கைவினைப் பொருளுக்குன்னே ஆரம்பிச்ச இணையச் சந்தை. 2013ல, வெளியில ஃபேக்டரி வச்சுச் செஞ்சு வாங்கியும் விக்கலாம்னு விதியைத் தளர்த்தினாங்க. 2022 ஏப்ரல்ல, விற்பனைக் கமிஷனை 5 சதவீதத்துல இருந்து 6.5க்கு ஏத்தினப்போ, ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி ஸ்டிரைக் பண்ணினாங்க. அவங்க கோரிக்கையில கமிஷன் மட்டும் இல்லை, வாங்கி விக்கிறவங்களை வெளியேத்துன்னும் இருந்துச்சு. கடல் தாண்டினாலும் அதே 150 ரூபாய்க் கூடைதான் பக்கத்து ஸ்டால்ல.

இத்தனைக்கும் இந்தச் சந்தைங்கிற யோசனை எதுக்குப் பிறந்துச்சு? சுதந்திரத்துக்கு அப்புறம் 1952ல அகில இந்திய கைவினை வாரியம் வந்துச்சு. அதை வழிநடத்தினவங்க கமலாதேவி சட்டோபாத்யாய். 1964ல இந்தியக் கைவினைக் கவுன்சில், நம்ம சென்னையில. 1981ல தஸ்த்கார். 1986ல ஜெயா ஜெட்லியோட தஸ்த்காரி ஹாட் சமிதி. 1994ல டில்லி ஹாட் திறந்தாங்க. கிராமத்துச் சந்தை மாதிரி, ஸ்டால் யாருக்கும் நிரந்தரம் கிடையாது, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஆள் மாறணும், செஞ்சவங்களே வந்து விக்கணும்னு ஏற்பாடு. எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான். செய்றவங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் நடுவுல நிக்கிற ஆளை நகர்த்தணும். அங்கயும் வியாபாரிங்க நுழைஞ்சுட்டாங்கன்னு புகார் வந்துதான் இருக்கு, நான் ஒண்ணும் சொர்க்கம்னு சொல்லலை. ஆனா அங்க அது புகார். நம்ம ஹால் எக்ஸிபிஷன்ல அதுதான் ஏற்பாடே. நகர்த்தின இடைத்தரகர், வீட்டுச் சொந்தக்காரரா வேஷம் மாத்திட்டுத் திரும்ப வந்து உக்காந்துட்டார்.

சரி, "கேள்வி கேக்கற சந்தை"க்கு வருவோம். 2024 ஆரம்பத்துல, செஞ்சவங்களுக்கு மட்டும் இடம் கொடுக்கற ஒரு சந்தைக்கு விண்ணப்பம் போட்டேன். அம்மாடி! யார் செய்றது, எத்தனை வருஷமா, யார்கிட்டக் கத்துக்கிட்டது, ஒரு பொருளுக்கு எத்தனை மணி நேரம், வேலை நடக்கும்போது எடுத்த படம்... எல்லாம் கேட்டாங்க. நான் அத்தைகிட்ட உக்காந்து கேட்டு நிரப்பினேன். கல்யாணமாகி இருபது வருஷத்துல அத்தையோட அவ்வளவு நேரம் பேசினது அன்னைக்குத்தான். தையல் கிளாஸ்ல ஒரு டீச்சர் சொல்லிக் கொடுத்தது, மாமாவுக்கு ஆறு மாசம் வேலை இல்லாதப்போ கூடை பின்னி வித்துத்தான் ரேஷன் வாங்கினது... இது என் வீட்டுக்காரருக்கே தெரியாது!

பதில் வந்துச்சு. நிராகரிப்பு. பிளாஸ்டிக் ஒயர் இயற்கைப் பொருள் இல்லை, அதனால எங்க விதிப்படி சேர்க்க முடியாதுன்னு ரெண்டு வரி மரியாதையா எழுதியிருந்தாங்க.

எனக்குக் கோபம்தான். கைவினைன்னா கை முக்கியமா, பொருள் முக்கியமா? அம்பாசமுத்திரத்துக்குக் கொஞ்ச தூரத்துலதான் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையில பாய் நெய்றாங்க. அது கைவினை, யாரும் மறுக்க முடியாது. அதே தண்ணி குடிச்ச இன்னொரு பொம்பளை, அதே பொறுமையோட, ஒயர்ல பின்னினா அது கைவினை இல்லையாம். நம்ம வீடுகள்ல தலைமுறையா சந்தைக்கும் டிபன் கேரியருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன கூடை, பொம்பளைங்க பகல் சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காபிக்கும் நடுவுல பின்னினது என்கிறதால கணக்குல வரலை. இதை அந்த அமைப்புக்கு எழுதியும் அனுப்பினேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். நிராகரிச்ச அன்னைக்கு அத்தை ஒயரை அட்டத்துல இருந்து இறக்கினாங்க! "எத்தன மணி நேரம் ஆவும்னு கேட்டாவல்லா? அந்த ஆளுவ வெவரந் தெரிஞ்ச ஆளுவ." காசு வாங்கி இடம் கொடுத்தவன் முன்னாடி சின்னதாப் போன மனுஷி, காசே வாங்காம இடம் இல்லைன்னு சொன்னவங்க முன்னாடி நிமிர்ந்துட்டாங்க. கேள்விக்கு அவ்வளவு மதிப்பு இருக்கு மக்களே.

அந்த வருஷ டிசம்பர்ல பீம்தடி ஜத்ரா போனோம். புனேயில இருக்கறவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மத்தவங்களுக்கு: சிவாஜிநகர் விவசாயக் கல்லூரி மைதானத்துல நடக்கும், பாராமதி வேளாண் மேம்பாட்டு அறக்கட்டளை நடத்துறது. மராட்டியப் படையில பேர் வாங்கின பீம்தடிக் குதிரை இருக்கே, அந்தப் பீமா நதிக்கரைப் பேருதான் இதுக்கும். சுய உதவிக் குழுப் பெண்கள், கிராமத்துக் கைவினைக்காரங்க, அடுப்புல சுடச்சுட பாக்ரி தட்டிப் போடறவங்க. அத்தை ஒரு தட்டு பிட்லா பாக்ரி வாங்கிட்டு, கம்பளி விக்கிற ஒரு அம்மாவோட பாஷையே இல்லாம அரை மணி நேரம் பேசினாங்க!

ரங்கமணிக்கு அங்க ஞானோதயம். "இந்த மாதிரி மேளாவுல எல்லாம் குழுன்னா ஸ்டால் சுலபமாக் கிடைக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பேப்பர்ல ஒரு குழு எழுதிக் கொடுப்பார். நம்ம சொசைட்டித் தமிழ்ப் பொம்பளைங்க பத்துப் பேர் பேரைப் போட்டா ஆச்சு." அத்தை பாக்ரியைக் கையில வச்சுட்டே திரும்பினாங்க.

"ஏல, வேண்டாம்ல. அது இந்தப் பிள்ளையளுக்கு உள்ள எடம்லா. நாம போயி இருந்தோம்னா இதுல ஒருத்தி வெளிய நிக்கணும்லா."

இதைத்தான் நம்மாளுங்க கிட்டச் சத்தமாச் சொல்லணும்னு தோணுது. ரெண்டு சம்பளம் வர்ற வீட்டுல இருந்துட்டு, பேப்பர்ல குழு ஆரம்பிச்சு, கிராமத்துப் பொம்பளைங்களுக்கு வச்ச ஸ்டால்ல போய் உக்காரறது சாமர்த்தியம் இல்லை. பெயர் வேற இருக்கு, எழுத வேண்டாம்னு பார்க்கறேன். எனக்கு ஏத்த சந்தை எதுன்னு தேடும்போது, நான் போனா யாரோட இடம் போகுதுன்னும் பார்க்கணும். உண்மையிலேயே கைத்தொழிலே பிழைப்பா இருக்கற உறவுக்காரங்க ஊர்ல இருந்தா, அவங்களுக்கு வழி சொல்லுங்க. மத்திய ஜவுளி அமைச்சகத்தோட கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் 'பெஹ்சான்' கைவினைஞர் அட்டை கொடுக்குது. காந்தி ஷில்ப் பஜார் மாதிரி அரசுச் சந்தைகளுக்கு அது உதவும். ஃபார்ம் நிரப்ப உக்காந்து உதவி பண்ணுங்க, அது போதும்.

அப்போ எங்களுக்கு எங்கதான் இடம்? அது ஒரு காய்கறிச் சந்தை!

எங்க வீட்டுப் பக்கம் ஞாயித்துக்கிழமை காலையில விவசாயிகள் நேரடியா காய் கொண்டு வந்து விக்கிற சின்னச் சந்தை ஒண்ணு கூடும். நாலு மணி நேரம், ஒரு மேஜை 500 ரூபாய். நடத்துற அம்மா எங்ககிட்டக் கேட்ட முதல் கேள்வி, "ஹாதானே கேலேலீ ஆஹே கா?" கையால செஞ்சதான்னு அர்த்தம். ரெண்டாவது கேள்வி, "ஆஜி இங்கயே உக்காந்து பின்னுவாங்களா?" எனக்கு உள்ளுக்குள்ள மணி அடிச்சுது.

அத்தை மேஜைக்குப் பின்னாடி ஸ்டூல்ல உக்காந்து பாதிக் கூடையை மடியில வச்சுப் பின்ன, ஜனங்க நின்னு பார்த்தாங்க. விலை 600னு எழுதி வச்சோம். ஒருத்தர் கூட 150 ரூபாய்க் கூடையைப் பத்திப் பேசலை. முடிச்சு முடிச்சா விழறதைக் கண்ணால பார்த்த பிறகு, எப்படிப் பேசறது? அதை விட முக்கியம், அங்க வந்தவங்க எல்லார் கையிலயும் தக்காளி, கீரை, பூசணி! மகாராஷ்டிராவுல 2018லயே பிளாஸ்டிக் பைக்குத் தடை. (நம்ம ஊர்ல 2019 ஜனவரி 1 முதல்.) மறந்துபோய் வெறுங்கையோட வந்தவங்க கூடையைப் பார்த்த பார்வை இருக்கே... ஏழு கூடை போச்சு அன்னைக்கு. ஒண்ணுக்கு 450 நின்னா 3,150, மேஜைக் காசு போக 2,650. நாலு மணி நேரத்துல!

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. கர்வே ரோடு ஹாலுக்கு வந்த கூட்டம் பொழுதுபோக்க வந்தது. இங்க வந்த ஜனம் காய் வாங்க வந்தது. கூடைக்கு இங்க வேலை இருக்கு. ஆயிரம் பேர் சும்மா நடந்து போற இடத்தை விட, நூறு பேர் கையில கனத்தோட நிக்கிற இடம் மேல்.

இன்னும் ஒண்ணு, இது புனே ஸ்பெஷல். இங்க சங்கராந்தியில இருந்து ரத சப்தமி வரைக்கும் மராத்தி வீடுகள்ல ஹல்தி குங்கு. வர்ற ஒவ்வொரு பொம்பளைக்கும் 'வாண்'னு ஒரு சின்னப் பொருள் கொடுக்கணும், நம்ம நவராத்திரித் தாம்பூலத்துல வச்சுக் கொடுக்கறோமே, அந்த மாதிரி. சந்தையில பழக்கமான ஒரு காக்கூ, 2025 சங்கராந்திக்கு உள்ளங்கை அகலக் குட்டிக் கூடை 60 கேட்டாங்க. நவம்பர்லயே சொல்லிட்டாங்க, அட்வான்ஸும் கொடுத்தாங்க. ஸ்டால் இல்லை, டெம்போ இல்லை, லைட் காசு இல்லை. எந்த எக்ஸிபிஷன் கேலண்டர்லயும் இது இருக்காது. நீங்க இருக்கற ஊர்ல ஜனங்க எப்போ, யாருக்கு, எதைக் கொடுக்கறாங்கன்னு பாருங்க. பத்து வருஷமா ஒரு ஊர்ல இருந்துட்டு அதோட பண்டிகை தெரியாம இருக்கறது நம்ம குறை. (முதல்ல என்னைத்தான் சொல்லிக்கறேன்.)

அந்த டெரகோட்டா தோழிக்கும், துபாய், சிங்கப்பூர், நியூஜெர்சின்னு எங்கயோ உக்காந்து இதே யோசனையில இருக்கறவங்களுக்கும், நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டதை இலவசமாத் தர்றேன்:

1. முதல்ல கையை எண்ணுங்க. வாடகையை, ஒரு பொருள்ல நிக்கிற காசால வகுத்துப் பாருங்க. எங்களுக்கு 12,000 வகுத்தல் 300, அதாவது 40 கூடை. வாரத்துக்கு நாலுன்னா பத்து வாரம் உழைச்சு, எல்லாம் வித்தாலும், வாடகை மட்டும்தான் தேறும். இந்த வகுத்தலை நான் ஸ்டால் புக் பண்றதுக்கு முன்னாடி போடலை. தினமும் எக்ஸெல்ல வாழறவ நான், வெக்கக்கேடு.

2. ஆர்கனைசர் காசு எப்போ வருதுன்னு பாருங்க. மொத்த வாடகையும் முன்பணமா, இல்லை விற்பனையில பங்கா? பங்கு வாங்கறவருக்கு உங்க பொருள் விக்கணும். மேஜை, லைட், நாற்காலி எல்லாம் சேர்த்தான்னு எழுத்துல வாங்குங்க.

3. போன தடவை யார் யார் ஸ்டால் போட்டாங்கன்னு பட்டியல் கேளுங்க. கொடுக்கத் தயங்கினா, பதில் கிடைச்சாச்சு.

4. முதல் வருஷம் விக்கப் போகாதீங்க, வாங்கப் போங்க. வாசல்ல நின்னு உள்ளே போறவங்களை எண்ணாதீங்க, வெளியே வர்றவங்க கையை எண்ணுங்க. வெறுங்கையும் ஐஸ்கிரீமும்தான் அதிகம்னா வேற இடம் பாருங்க.

5. உக்காந்து செஞ்சு காட்ட இடம் உண்டான்னு கேளுங்க. முகம் சுளிச்சா அங்க போகாதீங்க.

6. "ஜிஎஸ்டி நம்பர் இல்லாம ஸ்டால் கிடையாது"ன்னு பயமுறுத்துவாங்க. மகாராஷ்டிராவுல, மாநிலத்துக்குள்ளயே பொருள் விக்கிறவங்களுக்கு, வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் பொதுவாப் பதிவு கட்டாயம் இல்லை, 2019 ஏப்ரல்ல இருந்து. கூடை பின்னி 40 லட்சம்... அத்தைகிட்டச் சொன்னேன், சிரிச்சு முடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு :-) வேற மாநிலத்துக்குக் கொண்டு போறதா இருந்தா விதி வேற, ஆடிட்டர் கிட்டக் கேட்டுக்கோங்க.

கடைசியா ஒரு வார்த்தை, இது வாங்குற நம்மாளுங்களுக்கு. அந்தக் கர்வே ரோடு ஹால்ல எங்களை அதிகமா நோகடிச்சது மராத்திக்காரங்க இல்லை. ஸ்டால்ல தமிழ் கேட்டுச் சந்தோஷமா ஓடி வந்து, "ஐயோ நம்ம ஊரு கூடை!"ன்னு படம் எடுத்து, விலையைக் கேட்டு, "450ஆ? எங்க ஊர்ல நூறு ரூபாய்க்குத் தருவாங்களே"ன்னு சொல்லிட்டுப் போன தமிழ்க் குடும்பங்கள்தான். வெளியில ஒரு காபிக்கு எவ்வளவு கொடுத்தீங்க அன்னைக்கு? 450ல ஒயர் போக 300. பத்து மணி நேரத்துக்கு. மணிக்கு 30 ரூபாய். நூறு ரூபாய்க்குக் கொடுக்கறவங்க எப்படிக் கொடுக்கறாங்கன்னு எப்பவாவது யோசிச்சிருக்கோமா? "பொழுது போறதுக்குத்தானே பின்றாங்க"ன்னு ஒரு சமாதானம் வேற. நான் கூடத்தான் ஆபீஸ்ல பாதி நாள் பொழுது போக்கறேன், யாராவது சம்பளத்தைக் குறைக்கறாங்களா?

வீட்டுல அம்மாவோ அத்தையோ எதையாவது செஞ்சு அடுக்கி வச்சிருந்தா, சந்தை தேடறதுக்கு முன்னாடி பக்கத்துல போய் உக்காந்து, "இதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"ன்னு கேளுங்க. அந்தக் கேள்வியை நம்ம கேக்காம, ஹால்காரர் கேக்கலைன்னு கோவிச்சுக்கறதுல நியாயம் இல்லை.

இந்த ஞாயித்துக்கிழமையும் மேஜை உண்டு. மாம்பழக் கலரும் ராமர் நீலமும் கலந்து ஒண்ணு ரெடியாகிட்டு இருக்கு.

டிஸ்கி: அத்தைகிட்ட இந்தப் பதிவைப் படிச்சுக் காட்டினேன். "600 கம்மி, 700 ஆக்கு"ன்னு சொல்லியிருக்காங்க. இனிமே பேரம் பேசறவங்க நேரா அவங்ககிட்டப் பேசிக்கோங்க, நெல்லைத் தமிழ்ல.